படித்த புத்தகமும் படித்த பொழுதும்: எங்கள் வாசகர் கூடுகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர்கள் சிலர் கூடுகிறோம். ஒவ்வொருவரும் அண்மையில் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றியும், அந்த மாதத்தில் தமக்கு இதமளித்த ஓர் அன்றாடச் சுகத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். புதிதாக வர விரும்புகிறவர்களும், தங்கள் பகுதியில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடும் இடத்தில் காபியையும் கடற்காற்றையும் ஏன் பேச வேண்டும்?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு புத்தகத்தைப் பற்றி நாம் சொல்லும் கருத்தில் ஒரு பகுதி அந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி நாம் அதைப் படித்த பொழுதிலிருந்து வருகிறது. இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அந்தக் கருத்தை எவ்வளவு தூரம் தமக்குப் பொருத்திக்கொள்ளலாம் என்பது விளங்காமல் போகிறது என்பதே எங்கள் உறுதியான எண்ணம்.

எங்கள் கூடுகையில் அறுநூறு பக்க நாவல் ஒன்றை இருவர் படித்திருந்தார்கள். ஒருவர், மருத்துவமனையில் தம் கணவரின் பெயரைக் கூப்பிடும் வரை காத்திருந்த நேரங்களில், பத்துப் பத்துப் பக்கமாக அதைப் படித்தவர். பாத்திரங்கள் மனத்தில் நிற்கவில்லை என்றும் கதை நகரவே இல்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். மற்றவர் பொங்கல் விடுமுறையில் சொந்த ஊர் வீட்டு ஊஞ்சலில் அமர்ந்து, காலையில் தொடங்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது என்று படித்தவர். அவசரமில்லாத அந்த நடைதான் நாவலின் உயிர் என்றார். இருவரும் தாம் படித்த சூழலையும் சேர்த்துச் சொன்னதால், இது நீண்ட பொழுது கேட்கிற நூல், துண்டு துண்டாகப் படிக்கத் தோதானதன்று என்பது அங்கிருந்த மற்றவர்களுக்குத் தெளிவாகிவிட்டது. வெறும் ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்ற இரண்டு தீர்ப்புகளிலிருந்து இந்தப் பயன் கிடைத்திருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. ‘இலக்கியத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது’ என்று தயங்கி வாய் திறக்காமலே திரும்பிப் போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களிடம் ‘இந்தப் புத்தகத்தை எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். சமையலை முடித்து, எல்லோரும் உறங்கிய பின், அடுக்களை விளக்கின் கீழே படித்தேன் என்று தொடங்கும் ஓர் அம்மாள், அடுத்த பத்து நிமிடங்களில் அந்தக் கதையைப் பற்றி எந்த விமரிசகரும் சொல்லாத ஒன்றைச் சொல்லி முடிப்பதை நாங்கள் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம்.

‘அண்மையில் படித்தது’ என்றால் புதிதாக வெளிவந்த நூலாக இருக்க வேண்டுமா?

இயன்றவரை கடந்த சில ஆண்டுகளில் வெளியான நூலாக இருந்தால் நல்லது. பழைய நூல்களைப் பற்றிப் பேசப் பட்டிமன்றங்களும் கருத்தரங்குகளும் இருக்கின்றன. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குத் தேவைப்படுவது அவர்கள் எழுதியதை உடனே படித்துப் பேசும் வாசகர்கள்தான். ஆனாலும் இதை நாங்கள் கட்டாயமாக்கவில்லை.

சென்னையில் புதிய நூல்களுக்கென்று ஒரு பருவம் உண்டு. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கமான ‘பபாசி’ 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி நடைபெறுவதால், பதிப்பகங்கள் தங்கள் புதிய தலைப்புகளை டிசம்பரிலும் ஜனவரியிலும் குவித்து வெளியிடுகின்றன. நந்தனம் மைதானத்திலிருந்து பை நிறைய வாங்கி வந்தவர்கள் அவற்றைப் படித்து முடித்துவிட்டு வரும் மார்ச், ஏப்ரல் மாதக் கூடுகைகளே எங்களுக்கு மிகவும் செழிப்பானவை. சாகித்ய அகாதெமி விருது அறிவிப்பும் பெரும்பாலும் டிசம்பரில் வருவதால், விருது பெற்ற நூலும் அதே பருவத்தில் பேச்சுக்கு வந்துவிடுகிறது. கொங்கு வட்டாரத்து நாவிதர் குடும்பங்களின் உறவுகளைச் சொல்லும் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்காகத் தேவிபாரதிக்கு 2023-ஆம் ஆண்டின் விருது கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு ஆ. இரா. வேங்கடாசலபதியின் வ.உ.சி. பற்றிய ஆய்வு நூலுக்கு விருது போயிற்று. நாவல் மட்டுமே படிப்பவர்கள் ஒரு வரலாற்று நூலைக் கையில் எடுக்க அந்த அறிவிப்பு ஒரு நல்ல வாய்ப்பு. புனைகதையைப் போலவே கட்டுரை, தன்வரலாறு, மொழிபெயர்ப்பு, கவிதை, சிறுவர் நூல் எதுவானாலும் கொண்டு வரலாம்.

புதிய புத்தகங்களை விலை கொடுத்து வாங்க வசதியில்லை. என்ன செய்வது?

வாங்க வேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லை. எங்களில் பாதிப் பேர் நூலகத்தை நம்பியே படிக்கிறோம். இந்த நகரத்தில் வாழ்பவருக்கு அது வெட்கப்பட வேண்டிய ஒன்றன்று, உரிமையோடு பயன்படுத்த வேண்டிய ஒன்று. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவிலேயே இத்தகைய சட்டங்களில் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று. அச்சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி தண்டப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் ஒருவகையில் அதைச் சுமக்கிறார். ஆகவே கிளை நூலகத்தின் அடுக்கில் இருக்கும் நூல் உங்கள் பணத்தில் வாங்கியதுதான்.

எழும்பூரிலுள்ள கன்னிமாரா பொது நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி, நாட்டில் பதிப்பிக்கப்படும் நூல்களின் படியைப் பெறும் நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று என்பதால், வேறெங்கும் கண்ணில் படாத சிறு பதிப்பக நூல்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய நூல் கிளை நூலகத்தில் இல்லையென்றால், நூலகரிடம் கேட்டுப் பரிந்துரை எழுதிக் கொடுங்கள். கேட்பவர் இல்லாத நூல் வாங்கப்படுவதில்லை. வாசகர்கள் சோம்பிப் போவதால் நூலகங்கள் இழப்பது கொஞ்சமன்று.

பழைய புத்தகக் கடைகளையும் மறக்க வேண்டாம். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு அங்கிருந்த கடைக்காரர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் தரப்பட்டது. திருவல்லிக்கேணிப் பாரதி சாலையோரத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடுவதே ஒரு சுகம் என்று எங்கள் நண்பர் ஒருவர் ஒரு முறை தமது முறை முழுவதையும் அதைச் சொல்வதற்கே செலவிட்டார். நாங்கள் குறுக்கிடவில்லை.

புத்தகத்தை முழுவதும் படிக்காமல் வரலாமா?

தாராளமாக வரலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கதையின் முடிவைச் சொல்லிவிடலாமா?

மற்றவர்கள் படிக்கவிருக்கும் நூலென்றால் வேண்டாம். முடிவைத் தொடாமல் பேச முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கேட்க விரும்பாதவர்கள் அந்த நேரத்தில் காபி கலக்கப் போய்விடுவார்கள்.

அன்றாடச் சுகங்கள் என்று எவற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பணம் அதிகம் தேவைப்படாத, அடுத்தவரும் தம் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சிறிய விஷயங்களைப் பற்றி. புதிய கைபேசி வாங்கியதையும் வெளிநாட்டுச் சுற்றுலாவையும் இங்கே பேசுவதில்லை. அவை மகிழ்ச்சி தருவன என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்பவருக்கு அவற்றால் என்ன செய்ய முடியும்?

காபி எப்போதும் முதலில் வந்துவிடுகிறது. டிகாக்ஷனை இரவே இறக்கி வைக்கலாமா, காலையில் புதிதாகத்தான் இறக்க வேண்டுமா என்பதில் எங்களிடையே தீராத கருத்து வேறுபாடு இருக்கிறது. சிக்கரி சேர்ப்பதிலும் அப்படித்தான். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கலவை விகிதமும் பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் பல ஆண்டுகளாக ஒரே தூளை வாங்கி வந்த ஒருவர், இங்கே நடந்த பேச்சுக்குப் பிறகு சிக்கரி இல்லாத கொட்டையை அரைத்து வாங்கத் தொடங்கினார். விடியற்காலையில் டம்ளரும் டபராவுமாக உட்கார்ந்து, செய்தித்தாள் வருவதற்கு முன் இருபது பக்கம் படிப்பது இப்போது தமக்கு நாளின் மிகச் சிறந்த பகுதி என்கிறார்.

கோடையில் பேச்சு காற்றின் பக்கம் திரும்பிவிடும். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட விரைவில் சூடாகிறது; தரையின் மேலுள்ள காற்று மேலெழும்ப, வங்கக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பல நாட்களில் இது நண்பகலை ஒட்டித் தொடங்கிவிடும். மேலைக்காற்று வலுத்த நாட்களில்தான் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகி, கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டிப் பொசுக்குகிறது. இதை விளக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் வீட்டில் கிழக்குச் சன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து வைத்து, நடுவே தரையில் கோரைப்பாயை விரித்துக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் புத்தகத்தோடு படுப்பதைப் பற்றிச் சொன்னார். அன்று வந்திருந்தவர்களில் பலர் தங்கள் வீட்டுச் சன்னல்களின் திசையை அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்கள்.

மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடிப்பது, மாலையில் தெளித்த தண்ணீரால் மொட்டைமாடித் தரை ஆறுவது, வேலைக்குப் போகும் வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொள்வது, மழை நாளில் ரசஞ்சாதத்தோடு சுட்ட அப்பளம், பழைய பருத்திச் சேலையில் தைத்த தலையணை உறை என்று எத்தனையோ வந்திருக்கின்றன. தையற்கடை நடத்தும் ஒருவர் சொன்னதை மட்டும் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். நாள் முழுவதும் பெடல் மிதித்த கால்களை இரவில் கல்லுப்பு கரைத்த வெந்நீரில் வைத்துக்கொண்டு, அந்த வெந்நீர் ஆறும் வரை மட்டும் அவர் படிக்கிறார். ஆறிய பிறகு படிக்க உடல் இடங்கொடுப்பதில்லை. அதனால் அவர் தேர்ந்தெடுப்பவை எல்லாம் சிறுகதைத் தொகுதிகள். நீளமான நாவலை அவருக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்பதை நாங்கள் இப்படித்தான் அறிந்துகொண்டோம். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்பது சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று. அந்த வாசகர் எப்போது, எப்படிப் படிக்கிறார் என்று தெரியாமல் அவருக்குரிய நூலை எடுத்துக் கொடுக்க யாராலும் இயலாது.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? எழுதியவரே வந்திருந்தால்?

பிடிக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நம் ஊரில் நூல் வெளியீட்டு மேடைகளில் பாராட்டு தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. நேர்மையான வாசகரின் தயக்கம்தான் எழுத்தாளருக்குக் கிடைப்பதில்லை. நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: குறை சொல்லும்போது பக்கத்தைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். ‘உரையாடல்கள் செயற்கையாக இருக்கின்றன’ என்பதைவிட, வியாசர்பாடியில் வளர்ந்த இளைஞன் ஏன் இந்த இடத்தில் பாடப்புத்தகம் போலப் பேசுகிறான் என்று வாசித்துக் காட்டிக் கேட்பது மேல். எழுதியவரின் சாதி, குடும்பம், அரசியல் சார்பு, அவர் பெற்ற விருதுக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்படும் கதைகள் ஆகியவற்றை இழுக்க வேண்டாம்.

எழுத்தாளர் வந்திருந்தால் அவரும் தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஒரு வாசகர்தான். வாசகர்கள் எல்லோரும் பேசி முடித்த பின்பே அவர் தம் நூலைப் பற்றிப் பேசலாம் என்ற ஒழுங்கை நாங்கள் விடாமல் கடைப்பிடிக்கிறோம். முதலில் அவர் விளக்கிவிட்டால், பிறகு பேசுகிறவர்கள் அந்த விளக்கத்தையே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

மின்னூலும் ஒலிநூலும் கணக்கில் வருமா?

வரும். கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். பெருங்குடியிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போய் வருபவர் பேருந்தில் நின்றுகொண்டே காதால் கேட்கிறார். காகிதத்தின் மணம் எங்களுக்கும் பிடிக்கும்; அதற்காக இவர்களை விலக்கி வைப்பது நியாயமாகாது. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் வாயிலாகவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தின் வாயிலாகவும் ஏராளமான பழந்தமிழ் நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. பார்வையற்ற வாசகர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. ஆனால் அண்மையில் எழுதப்பட்ட நூலின் திருட்டுப் படியைக் கைபேசியில் பகிர்ந்துகொள்வதை எங்கள் கூடுகையில் அனுமதிப்பதில்லை. ஆயிரம் படிகள் விற்பதே அரிதான ஒரு மொழியில், அது எழுத்தாளரின் வாயிலும் பதிப்பாளரின் வயிற்றிலும் அடிப்பதாகும்.

வீட்டில் அமைதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லை. எங்கே படிப்பது?

இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் வாழும் நகரத்தில் இது உண்மையான இடர். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களை எடுத்துச் சென்று படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அதை நிறைத்திருந்தாலும், காலையில் போனால் இடம் கிடைக்கும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா, தியாகராய நகர்க்காரர்களுக்குப் பனகல் பூங்கா. மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டு முதல் ஓடும் கடற்கரை – தாம்பரம் தடத்தில், கூட்ட நேரம் தவிர்த்து ஏறினால் சன்னலோர இருக்கையும் காற்றும் வாய்க்கும். எங்கள் நண்பர் ஒருவர் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை முழுக்க முழுக்க அந்தத் தடத்திலேயே படித்தார். பருவச்சீட்டு வைத்திருக்கும் அவர், இறங்க வேண்டிய நிலையத்தில் அத்தியாயம் முடியாவிட்டால் நடைமேடை இருக்கையில் அமர்ந்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.

மழைக்காலத்தில் புத்தகங்களை எப்படிப் பாதுகாப்பது?

ஆண்டின் மொத்த மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் ஊரில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் இழந்த புத்தகங்கள் பல. ஆகவே அடுக்கின் கீழ்த்தட்டைப் பருவமழை தொடங்கும் முன்பே காலி செய்துவிடுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சிறிது இடைவெளி விட்டு வைத்தால், சுவரின் ஈரம் ஏறாது. இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் நம் வீடுகளில் காலங்காலமாக வைக்கப்பட்டு வருபவை. ஆனால் புத்தகத்தை அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டிப் புரட்டுவதுதான் அவற்றைவிட உறுதியான காவல்.

நனைந்துவிட்ட புத்தகத்தைக் கடும் வெயிலில் வைக்காதீர்கள். தாள் சுருண்டு, பசை விட்டுப்போகும். இலேசாக நனைந்ததென்றால் பக்கங்களை விரித்து நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். நன்றாக நனைந்ததென்றால் சில பக்கங்களுக்கு ஒரு முறை மை இல்லாத உறிஞ்சு தாளை இடையே வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல நூல்கள் நனைந்து, உடனே கவனிக்க முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் தள்ளிப்போட அது உதவும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். வழவழப்பான தாளில் அச்சான படநூல்களை முதலில் கவனியுங்கள், ஏனெனில் அவற்றின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாலும் இயலாது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் பேச முறை உண்டு.

எங்கள் பகுதியிலும் இப்படி ஒரு கூடுகையைத் தொடங்கலாமா?

தொடங்குங்கள், எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆறு முதல் பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கி, பேசத் தெரிந்தவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். தலைவர், செயலாளர், பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். வட்டமாக அமருங்கள். வயதில் இளையவரிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால், மாறுபட்டுச் சொல்ல இளையவர்களுக்கு நாக்கு எழுவதில்லை. சுண்டலும் காபியும் முறை வைத்து ஒவ்வொரு மாதமும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அந்தப் பொறுப்பு பெண்கள் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு வழியில்லையென்றால் உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள். இயங்கினால் அதனோடு சேர்ந்துகொள்ளலாம், பெயரளவில் மட்டும் இருந்தால் நூலகரின் ஒத்துழைப்போடு அதற்கு உயிரூட்டலாம். மொட்டைமாடியில் நடத்துவதாக இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் தொடங்குவது நல்லது. மழையும் இராது, வெயிலும் முற்றியிராது. முதல் கூடுகைக்கு எல்லோரும் ஒரே நூலைப் படித்து வர வேண்டும் என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் நூலோடு வரச் சொல்லுங்கள். யார் எதைப் படித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில் அந்த நோட்டைப் புரட்டினால், யாருடைய கையிலிருந்து யாருக்கு எந்தப் புத்தகத்தை மாற்றிக் கொடுக்கலாம் என்பது தெரிய வரும்.